ஹெப்சிபா அக்காவின் முன்பல்

2025 ஜூன் 9, திங்கள். காலை 6.42

மைக் பதினொன்று. கேபிள் பதினான்கு, அதில் ஒன்று செத்தது. ஹெட்போன் ஐந்து. வரவேண்டிய வாத்தியக்காரர்கள் நான்கு பேர். வந்திருப்பவர்கள் பூஜ்யம்.

கால்ஷீட் ஏழு முதல் ஒன்று வரை. ஏழு என்றால் ஏழு. இந்த நோட்டில் மைக்கை எங்கே வைத்தேன், எவ்வளவு உயரம் என்பதை மட்டும் எழுதுவது ரெக்கார்டிங் எஞ்சினியரான என் வழக்கம். இந்த வாரம் புலம்பலும் சேரும்போலிருக்கிறது.

வேலை இதுதான். ஹெப்சிபா என்ற ட்ரம்பெட்காரர் ஒரு ஜாஸ் ஆல்பம் பண்ணுகிறார். வயது நாற்பத்து நான்கு, ஊர் மார்த்தாண்டம் பக்கம். சர்ச் பேண்டில் ஊத ஆரம்பித்து, இருபது வருஷமாகச் சென்னையில் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிறார். கல்யாண வீட்டில் ஸ்பீக்கரில் போகிற பாட்டில் பாதிக்கு இவர் ஊதியிருப்பார், பேர் மட்டும் ஒன்றிலும் இருக்காது. இப்போதுதான் சொந்தப் பேரில் முதல் ஆல்பம்.

அதைத் தனித்தனியாக எடுக்கக் கூடாதாம். நான்கு பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், மெட்டு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் தோன்றுகிறபடி வாசித்துக்கொண்டே போவார்களாம். அவர்கள் அதை ஜாம் என்கிறார்கள். நான் தலைவலி என்கிறேன். ட்ரம்ஸ் சத்தம் ட்ரம்பெட் மைக்கில் கசியும். ஒருவர் சறுக்கினால் நான்கு பேரும் முதலிலிருந்து வாசிக்கணும். ஒவ்வொருவராக உட்கார வைத்து, காதில் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் போட்டு எடுத்தால் இரண்டே நாளில் முடித்துவிடுவேன். போனில் சொன்னேன்.

"கல்யாணச் சாப்பாட்ட ஒரு நாளு சோறு, ஒரு நாளு சாம்பாருண்ணு சாப்பிடுவியா தம்பி?" என்றார்.

ஒப்புமை தவறு. விளக்குவதற்குள் போனை வைத்துவிட்டார்.

அதே நாள், மதியம் 1.50

கோதை 6.58க்கு வந்தார். பியானோ. ஐந்து நட்சத்திர ஓட்டல் லாபியில் சாயங்காலம் வாசிக்கிறவர். ஏழுக்கு முன்னால் வந்த ஒரே ஆள் என்பதால் குறித்துவைக்கிறேன். டென்சில் 7.15. பேஸ் கிட்டார், பெரம்பூர். ஷாகுல் பாய் 7.25. ட்ரம்ஸ். கூடவே பெருநாள் கறி ஒரு தூக்கு நிறைய. இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், அக்காவோடு சினிமாவில் வாசித்தே பழகியவர்கள். அக்கா 7.30க்கு வந்து, "ட்ராஃபிக்கு" என்றார். விருகம்பாக்கத்து வீட்டிலிருந்து அடுத்த ஏரியாவான சாலிகிராமத்தில் இருக்கிற ஸ்டுடியோவுக்கு என்ன ட்ராஃபிக்?

மைக்கைச் சரிபார்க்கும் முன் அக்கா எல்லோரையும் கூப்பிட்டு வட்டமாக நிற்கவைத்தார். ஜெபம் என்று நினைத்தேன். மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார்.

"நல்லா பாத்துக்கிடுங்க. இதாக்கும் நம்ம கம்பெனிக்க முதலாளி."

வலது முன்பல். பன்னிரண்டு வயதில் பேண்டோடு நடந்தபோது பள்ளத்தில் கால் மடங்கி, ட்ரம்பெட்டோடு விழுந்ததில் பாதி உடைந்தது. மேலே கேப் போட்டு இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. இப்போது உள்ளே வேரே விரிசல் விட்டுவிட்டது. டாக்டர் கேப்பைத் தற்காலிகமாக ஒட்டிக் கொடுத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு வேரோடு எடுத்துவிட்டு, எலும்பு ஆறவிட்டு, திருகு வைத்துப் புதுப் பல். ஆறு மாதம் ட்ரம்பெட்டை உதட்டருகே கொண்டுபோகக் கூடாது. ட்ரம்பெட்டின் வாய்ப்பகுதி அழுந்துகிற இடமே அந்தப் பல்தான். புதுப் பல்லோடு உதடு மறுபடி எல்லாம் படிக்கணும். அப்போது என்ன சத்தம் வரும் என்று டாக்டருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

"வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குள்ள எனக்கு முழு ரெக்கார்டு வேணும். முப்பது வருசமா நான் ஊதினது இந்தப் பல்லுக்க சத்தமாக்கும். அடுத்தால வரப்போறது வேற ஆளு."

நேரம் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப சீக்கிரம் ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

கோதை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று தெரியவில்லை.

ஒரு மணிக்குள் மூன்று மெட்டுகள், பதினான்கு டேக். 'தக்கலை பஸ்' என்று ஒன்று, 'கோயம்பேடு' என்று ஒன்று. மூன்றாவதற்குப் பேரில்லாமல் இருந்தது. பாயின் தூக்கைத் திறந்ததும் 'பெருநாள் கறி' என்று பேர் விழுந்தது. சுருதி, தாளம் எதிலும் குறையில்லை. என் பங்குக்கு நானும் நேரத்தை வீணாக்கவில்லை. கடைசிச் சத்தம் அடங்கியதும் டாக்பேக் பட்டனை அழுத்தி உள்ளே கேட்கிறபடி "ஓகே" சொல்லிவிடுவேன். சிலதுக்கு அடங்கும் முன்பே சொன்னேன். அப்படித்தான் பதினான்கு டேக் வந்தது.

அக்காவுக்குத் திருப்தி இல்லை. "எல்லாம் கரெக்டாட்டுதான் இருக்கு மக்கா. ஆனா சோறு வேகல்ல."

மறுபடி சோறு.

ஜூன் 10, செவ்வாய். மதியம் 2.15

இன்று பன்னிரண்டு டேக். ஒன்றும் தேறவில்லை என்கிறார் அக்கா. என்ன தேறவில்லை என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. டென்சில் மட்டும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"இது ரொம்ப குட் பாய் மாதிரி இருக்கு மேன். ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட ஜாஸ்."

இந்த டென்சில் ஒரு வேடிக்கை பண்ணுகிறார். நான் ஓகே சொன்னதும் கிட்டாரைக் கழற்றி உறைக்குள் வைத்து ஜிப் போட்டுவிடுகிறார். இன்னும் இருக்கிறது என்றால் "ஓ, ஸாரி மேன்" என்று மறுபடி ஜிப்பைத் திறக்கிறார். இரண்டு நாளில் இருபது தடவை. ஷாகுல் பாய் ஓகே கேட்டதும் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடணுமா என்ற பழைய பழக்கமாம். இப்போது அவருக்கு அடுத்த ஸ்டுடியோவே கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் குழந்தைச் சோறு மாதிரி பிசைந்து தின்றார். பாய் இன்றும் நல்லி எலும்பு கொண்டுவந்து அவர் கண்ணெதிரே உறிஞ்சினார்.

"எனக்க பல்லு போகட்டும் பாய், அப்பறம் உமக்க பல்ல எண்ணுதேன்."

"எண்ணு தாயி. எனக்கு இருக்கறதே பதினெட்டு."

அப்புறம் பழைய கதை. பெரிய ஸ்டுடியோ ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில், கால்ஷீட் இடைவேளைகளில் இவர்கள் மூவரும் வாசிப்பார்களாம். ட்ரம்ஸுக்குப் பதில் பாய் அம்பாசடர் டிக்கியில் தட்டுவாராம். அரை மணி, முக்கால் மணி நிற்காமல் போகுமாம். டிரைவர்கள் ஆடுவார்களாம்.

"அது எங்கடே போச்சு?" என்று அக்கா கேட்டார். சிரிக்காமல் கேட்டார். "இங்க ஏசி இருக்கு, நல்ல மைக்கு இருக்கு. அது மட்டும் வரமாட்டேங்கு."

நான் ஒரு வழி சொன்னேன். ட்ரம்பெட் சோலோ எல்லாமே பதினாறு பார்தான் வருகிறது. (சோலோ என்றால் ஒருவர் முன்னே வந்து தனித்து வாசிப்பது; நாலு தட்டு ஒரு பார்.) இரண்டு டேக்கிலிருந்து எடுத்து ஒட்டினால் முப்பத்திரண்டு. நான்கை ஒட்டினால் அறுபத்து நான்கு. கேட்கிறவனுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் பத்து நிமிஷ வேலை.

அக்காவின் கை இட்லியோடு நின்றது.

டென்சில் என் காதருகே குனிந்தார். "எஞ்சினியர், கொஞ்சம் தள்ளி உக்காரு மேன். சாம்பார் உன் பக்கம்தான் வரும்."

மாலை 5.20

பியானோ நாற்காலி கிறீச்சிடுகிறது. அது ட்ரம்பெட் மைக்கில் விழுகிறது. இது முற்றிலும் தொழில்நுட்பப் பிரச்சினை.

மாலை 7.45

எண்ணெய் வாங்கினேன். அதற்காக மட்டும் வடபழனி போகவில்லை.

ஜூன் 11, புதன். மதியம் 1.30

மோசமான காலை. மேல்ஸ்தாயி போகும்போது பல்லில் ஒரு கிளிக் சத்தம். எனக்கே ஹெட்போனில் கேட்கிறது. அக்காவுக்கு மண்டைக்குள் கேட்கும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்க்கிறார். மற்ற மூவருமே அவர் நாக்கைத்தான் பார்க்கிறார்கள். மூன்று நாள் முடிந்தது, கையில் ஒரு பாட்டுகூட இல்லை.

"உங்க மேல் நோட்டெல்லாம் இறங்குது" என்று சொன்னேன். சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னும் இறங்கும்.

"பல்லு இறங்குதுடே, நோட்டு என்ன செய்யும்?" என்று சிரித்தார். கோதை சிரிக்கவில்லை. நாற்காலி இன்று சத்தம் போடவில்லை என்பதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பதினொரு மணி வாக்கில் ஏழாவது லைனில் இரைச்சல். திங்கட்கிழமை ஒதுக்கிவைத்த செத்த கேபிளை நானேதான் மறுபடி சொருகியிருக்கிறேன். அவர்கள் 'தக்கலை பஸ்' ஆரம்பித்துவிட்டார்கள். நிறுத்தினால் நேரம் போகும் என்று ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, மேசைக்கு அடியில் ஊர்ந்துபோனேன். அங்கே எட்டுக்கால் பூச்சி முதல் எல்லாம் இருந்தது. கேபிளை மாற்றி, கட்டி, தலையில் இடித்துக்கொண்டு எழுந்தேன். எழுந்த அதே நொடியில் சோலோ நின்றது.

"ஓகே" என்றேன். டென்சில் ஜிப் போட்டார்.

மாலை 4.00

அலைவடிவங்களைத் திரையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ட்ரம்பெட் சோலோ: பதினாறு. பதினாறு. எட்டு. பதினாறு. பதினாறு. நாற்பத்து நான்கு. எட்டு. பதினாறு.

நாற்பத்து நான்கு எங்கிருந்து வந்தது? அது இன்று பதினொரு மணி டேக். கேட்டேன். பதினாறு பார் வரைக்கும் வழக்கம்போல. அதற்குப் பிறகு பஸ் வேறு ரூட்டில் திரும்புகிறது. பாய் குச்சியை மாற்றுகிறார். அக்கா ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார், கோதை ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்கிறார். முப்பதாவது பாரில் யாரோ உள்ளே சிரிக்கிறார்கள். பிறகு நாற்பத்து நான்கில் கத்தியால் வெட்டினதுபோல நிற்கிறது.

கோதையின் சோலோக்களைப் பார்த்தேன். முப்பது, இருபத்தேழு, ஐம்பத்திரண்டு. ஒருமுறைகூடப் பதினாறில் நின்றதில்லை. ஓட்டலில் வாசித்துப் பழக்கம், அங்கே யாரும் கேட்பதில்லை, அதனால் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அறையின் வரைபடத்தைப் பார்த்தேன். நான் போட்டதுதான். கோதையுடையது மின்சாரப் பியானோ, பிளக் பாயிண்ட் எதிர்ச்சுவரில் இருப்பதால் அது மட்டும் எனக்கு முதுகைக் காட்டி இருக்கிறது. மற்ற மூவரும் என் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் இருக்கிற கண்ணாடியைப் பார்த்து வாசிக்கிறார்கள்.

ஆகக் காரணம் கண்ணாடி. இன்னும் துல்லியமாகச் சொன்னால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள். மேசைக்கு அடியில் அந்தப் பொருள் இருந்தவரை சோலோ ஓடியது. மேலே வந்ததும் நின்றது.

மாலை 4.20

பொருள் என்றால் நான்.

ஜூன் 12, வியாழன். மதியம் 2.30

ஏழு மணிக்கு (எல்லோரும் ஏழுக்கே வந்துவிட்டார்கள், பல் பயம்) அவர்களிடம் சொன்னேன். எண்களோடு சொன்னேன். நீங்கள் மூன்று பேரும் எட்டாவது பாரிலும் பதினாறாவது பாரிலும் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறீர்கள், பார்த்ததும் நிறுத்துகிறீர்கள், ஏன்?

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கே தெரியாது. நிஜமாகவே தெரியாது.

பாய்தான் முதலில் தொடையில் தட்டினார். "யா அல்லா! தம்பி சொல்றது கரெக்ட்டும்மா. இருபத்தஞ்சு வருசமா கண்ணாடிக்கு அந்தாண்ட இருக்கற மூஞ்சியப் பாத்துத்தானே நிறுத்தியிருக்கோம்? சினிமால நமக்கு வர்றதே எட்டு பார், பதினாறு பார். முடிச்சதும் ஓகேவா இல்லையான்னு மேல பாப்போம். இப்பவும் தலை தானா தூக்குது."

"தூக்கினா என்ன தெரியும்?" என்று கோதை கேட்டார்.

"அந்த மூஞ்சி" என்றார் டென்சில். "மேன், தப்பா எடுத்துக்காதே. உன் மூஞ்சி எட்டாவது பார்லயே ஆட்டோ மீட்டரைப் பாக்கற மாதிரி ஆயிடும்."

செய்து காட்டினார். புருவத்தைச் சுருக்கி, உதட்டை ஒரு பக்கம் இழுத்து, கை பட்டன்மேல். பாய் நாற்காலியிலிருந்து நழுவிவிட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கடே, பல்லு தெறிச்சிரும்" என்று கத்தினார். கோதை இதுவரை அந்த முகத்தைப் பார்க்காதவர் என்பதால், என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்காரச் சொல்லி, அசலைப் பார்த்து ஒப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பரவாயில்லை.

7.40 ஆயிற்று. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

திரைச்சீலை ஸ்டுடியோவில் கிடையாது. பேப்பர் ஒட்டினால் அதிர்வில் சடசடக்கும். பாய் பைக்குள்ளிருந்து ஒரு கைலியை எடுத்தார். மருமகன் பெருநாளுக்கு எடுத்துக் கொடுத்தது, ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. பச்சைக் கட்டம். கண்ணாடி முழுதும் சரியாக மூடியது. நான்கு மூலையிலும் டேப் போட்டேன்.

"டாக்பேக்கையும் கழட்டிரலாமா?" என்றேன்.

அக்கா யோசித்தார். "வேண்டாம். அது உனக்க கையிலேயே இருக்கட்டும். நெருப்பு கிருப்பு பிடிச்சா சொல்லு. மத்தபடி நாங்க முடிச்சாத்தான் முடிவு."

கைலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இப்படி வேலை செய்தது இல்லை. யார் மைக்கிலிருந்து விலகுகிறார்கள், யார் மூச்செடுக்கிறார்கள் எதுவும் தெரியாது. மீட்டர் முள்ளும் சத்தமும் மட்டும்.

'தக்கலை பஸ்' ஒன்பது நிமிஷம். 'கோயம்பேடு' பதினொன்று. 'பெருநாள் கறி' பதினாலரை. மூன்றும் முதல் டேக். ஒவ்வொன்றிலும் பதினாறாவது பார் வருகிறபோது ஒரு மிகச் சிறிய தயக்கம் இருக்கிறது. தலை தூக்கியிருப்பார்கள். பச்சைக் கட்டம் தெரிந்திருக்கும். அடுத்த தட்டில் பாய் ட்ரம்ஸை ஓங்கி ஒரு சாத்து சாத்துகிறார் பாருங்கள், வீட்டை விட்டு ஓடிவந்தவன் ஆற்றில் குதிப்பது மாதிரி. பிறகு எவனுக்கும் பிரேக் கிடையாது. டென்சில் பேஸ் கிட்டாரை வைத்துக்கொண்டு அக்காவோடு சண்டை பிடிக்கிறார். அக்கா ஊத ஊதச் சிரிக்கிறார். ட்ரம்பெட் வழியாகச் சிரிப்பு கேட்பதை முதல்முறை ரெக்கார்ட் செய்கிறேன். லெவல் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

ட்ரம்ஸ் கசிவு ட்ரம்பெட் மைக்கில் நிறைய. இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நன்றாக இருக்காது.

நடுவில் என் மேசையில் ஒரு தட்டல் சத்தம், எங்கிருந்து என்று தேடினேன். என் கால்.

மாலை 6.10

அக்கா போன் செய்தார். ஒட்டுப்போட்ட இடம் விட்டுவிட்டது, கேப் கையால் ஆட்டினாலே ஆடுகிறது. டாக்டர் நாளைக்கு வாசிக்கவே வேண்டாம், கழன்று விழுங்கிவிட்டால் வம்பு என்கிறாராம்.

"நான் அவருட்ட சொன்னேன், ட்ரம்பெட்டு ஊதுத வேலையாக்கும் டாக்டரே, உறிஞ்சுத வேலை இல்லேன்னு."

மிச்சம் ஒரே ஒரு மெட்டு. 'ஞாயிறு மூணு மணி.' மெதுவானது. ஆல்பத்திலேயே இதற்குத்தான் இந்தச் செலவும் பாடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில், சின்னப் பிள்ளையாக, கொல்லையில் தனியாக ஊதிக் கண்டுபிடித்த மெட்டாம். இதுவரை யாரும் ரெக்கார்ட் செய்யச் சொன்னதில்லை. மேல்ஸ்தாயி நிறைய. இந்த நான்கு நாளும் பல்லைக் காப்பாற்றுவதற்காக அதைத் தொடவே இல்லை.

"முடியலன்னா இருக்கறதை வெச்சு முடிச்சிடலாம்கா" என்றேன்.

"நீ எட்டு மணிக்கு மைக்க ரெடியா வை" என்றார்.

"ஏழு மணிக்கே ரெடியா இருக்கும்."

"தெரியும்டே."

ஜூன் 13, வெள்ளி. மதியம் 12.15

காபி அதிகம். எழுதிவிடுகிறேன்.

8.20க்கு ஆரம்பித்தார்கள். பயிற்சி கிடையாது, உதட்டில் ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் தெம்பிருக்கிறது என்றார் அக்கா. முதல் ஆறு நிமிஷம் பற்றி நான் எழுதினால் கெட்டுப்போகும். மேல்ஸ்தாயி இறங்கவில்லை. ஒன்றுகூட இறங்கவில்லை.

ஆறாவது நிமிஷத்தில், மெட்டின் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, டிக் என்று ஒரு சத்தம். உலோகத்தில் கல் பட்டது போல. ட்ரம்பெட் அங்கேயே அறுந்தது.

எனக்குக் கைலி மட்டும்தான் தெரிகிறது. பச்சைக் கட்டம். உள்ளே என்ன? விழுங்கிவிட்டாரா? விழுந்துவிட்டாரா? என் விரல் டாக்பேக் பட்டன்மேல் இருந்தது. என்னாச்சு அக்கா, கட் பண்ணட்டுமா, அவ்வளவுதான் கேட்கணும். மூன்று நொடி வேலை. இதுவரை ஆயிரம் தடவை செய்திருக்கிறேன்.

ஆனால் டென்சில் நிறுத்தவில்லை. பேஸ் போய்க்கொண்டே இருக்கிறது, இன்னும் மெதுவாக, வழிவிட்டு ஒதுங்கி நிற்பவர் மாதிரி. பாய் ட்ரம்ஸைப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பியானோவில் வலது கை சட்டென்று காணாமல் போயிற்று. இடது கை மட்டும். ஆபத்து என்றால் மூன்று பேரில் ஒருவராவது நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். விரலை எடுத்தேன். எடுத்த விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

திரையில் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு நொடி.

பிறகு ட்ரம்பெட் வந்தது. கீழ்ஸ்தாயியில். வேறு யாரோ ஊதுவதுபோல. காற்று பாதி வெளியே ஓடுகிறது, மீதிதான் சத்தமாகிறது. தூங்கி எழுந்த குரல். அதே மெட்டு, ஆனால் உச்சிக்குப் போகாமல், உச்சியின் நிழல் விழுகிற இடமாகப் பார்த்துப் பார்த்து நடக்கிறது. கோதை அந்த ஒற்றைக் கையோடு கூடவே நடந்தார். எவ்வளவு நேரம்? எட்டு நிமிஷம். எட்டு நிமிஷமும் ஒரு கை.

கடைசிச் சத்தம் அடங்கியது. நான் ஓகே சொல்லவில்லை. பிறகு அக்காவின் குரல்:

"ச்செத்தான்! முச்சிருச்சிடே!"

'செரிதான், முடிஞ்சிருச்சிடே' என்பது பல் இல்லாததால் அப்படி வந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அக்கா முன்பக்கம் ஜன்னல் திறந்த வீடு மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். கேப் கழன்று ட்ரம்பெட்டின் வாய்க்கிண்ணத்துக்குள்ளேயே விழுந்து ஓட்டையை அடைத்துவிட்டதாம். வாய்ப்பகுதியை உருவி, கவிழ்த்து, பல்லை எடுத்து, வைக்க இடமில்லாமல், பக்கத்தில் இருந்த கோதையின் கையில் கொடுத்துவிட்டார். அதனால்தான் வலது கை இல்லை.

கோதை இன்னும் மூடிய கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். "யாராவது வாங்கிக்கோங்களேன்" என்றார். "எட்டு நிமிஷமா வெச்சிருக்கேன். அழுத்தினா உடைஞ்சிடுமோன்னு."

நான் வாங்கிக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. பல் இல்லை, கை.

"நிப்பாட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார், விரலால் உதட்டை மறைத்து. "உனக்க குரல் வரும் வரும்னு பாத்தேன். வரல. சரி, அப்போ ஓரத்தால ஊதிப் பாப்போம்னு வாயோரத்துல வச்சேன்."

"நெருப்பு பிடிச்சாத்தான் சொல்லணும்னீங்க."

"ஆமா. பல்லு போனா சொல்லணும்னு சொல்லல்ல."

டென்சில் கிட்டாரை உறையில் வைக்காமல் தரையில் கிடத்திவிட்டு, பக்கத்தில் தானும் கிடந்தார். பாய் கைலியை அவிழ்த்து, டேப்பை உரித்து, தோளில் போட்டுக்கொண்டார். "இது இனிமே துவைக்கவே மாட்டேன் தம்பி" என்றார். இதுவரை உடுத்தியதே இல்லை.

ஜூன் 14, சனி. மாலை 5.50

ஆஸ்பத்திரி வராந்தா. அக்காவோடு நாங்கள் நால்வரும் வந்தோம். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள் என்று நர்ஸ் சொன்னார். பாய் போனார். கோதை நாலரை வரை இருந்துவிட்டு ஓட்டலுக்குப் போனார், ஆறு மணிக்கு வாசிப்பு.

ஐந்து மணிக்கு அக்கா வெளியே வந்தார். வாயில் பஞ்சு, பேசக் கூடாது. நான் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, 'ஞாயிறு மூணு மணி'யைப் போட்டேன். வராந்தாவில் நின்றபடியே பதினான்கு நிமிஷமும் கேட்டார். டிக் வந்த இடத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்த முப்பத்தெட்டு நொடியும் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழ்ஸ்தாயி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

முடிந்ததும் என் போனை வாங்கி அதில் டைப் செய்து காட்டினார்: 'இந்த ரெண்டாவது ஆளு யாருடே? நல்லா ஊதுகா.'

இனிச் செய்யவேண்டியவை:

1. முப்பத்தெட்டு நொடியில் கை வைக்கக் கூடாது. டிக் சத்தத்தைச் சுத்தம் செய்யவும் கூடாது. கடைசியில் ஒலியைச் சீராக்குகிற மாஸ்டரிங்காரன் கேட்டால் சண்டை போடணும்.

2. கீழ்ஸ்தாயிப் பகுதிக்கு எதிரொலி சேர்க்கக் கூடாது. காற்று ஓடுகிற சத்தம் அப்படியே இருக்கணும்.

3. ட்ரம்பெட் மைக்கில் கசிந்த ட்ரம்ஸைக் குறைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பழையபடி ஏற்றணும். (குறைக்காமலே விடலாம்.)

4. அட்டையில் நான்கு பேருடைய பேரும் முன்பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில். கோதையிடம் பேரை எப்படிப் போடுவது என்று நேரில் கேட்கணும். ஓட்டல் லாபியில் காபி என்ன விலை என்று தெரியவில்லை. போய்ப் பார்க்கணும்.

5. தினமும் சாயங்காலம் அக்காவுக்குக் கஞ்சி. என் முறை திங்கள், வியாழன். பாய் முறையில் கறி இல்லாமல் பார்த்துக்கொள்ளணும்.

6. டிசம்பர் 15, திங்கள், காலை ஏழு மணிக்கு ஸ்டுடியோவை இன்றே முன்பதிவு செய்யணும். முடியும் நேரம் எழுதக் கூடாது. புதுப் பல்லோடு அக்கா ஊதும் முதல் ஊதல் எவ்வளவு கேவலமாக இருந்தாலும், அவர் ட்ரம்பெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன்பே ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்கணும்.